அமெரிக்க அதிபர் வேட்பாளரின் யோக்கியதையை யார் சோதிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: டல்லாஸில் இருக்கும் சித்தப்பா "ஆள் எப்படியிருந்தால் என்ன, வேலை நடந்தால் போதும்" என்கிறார். நியூஜெர்சி அக்கா "குணம் சரியில்லாதவர் கையில் நாட்டைக் கொடுப்பதா" என்கிறார். அதிபர் வேட்பாளரின் குணத்தையும் தகுதியையும் சோதித்துச் சொல்ல அங்கே ஓர் அமைப்பும் இல்லையா? வாக்காளர் எதை வைத்து முடிவெடுப்பது?

அமைப்பு எதுவும் இல்லை. அமெரிக்க அரசியல் சாசனம் அதிபருக்கு மூன்றே நிபந்தனைகள்தான் வைக்கிறது: பிறப்பால் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது ஆகியிருக்க வேண்டும், நாட்டுக்குள் 14 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்பதை 1951இல் 22ஆவது திருத்தம் சேர்த்தது. மருத்துவச் சான்று, நன்னடத்தைச் சான்று எதுவும் கிடையாது. ரகசியக் கோப்புகளைத் தொடும் சாதாரண அரசு ஊழியருக்கே பின்னணி விசாரணை உண்டு. அந்த ஊழியருக்கெல்லாம் மேலே உட்காருகிறவருக்கு இல்லை. மக்கள் போடும் ஓட்டே அவருக்கு அனுமதிச் சீட்டு.

சிறையில் இருந்தாலும் தடையில்லை. முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காக அட்லாண்டா மத்தியச் சிறையில் இருந்த யூஜின் டெப்ஸ், சோஷலிஸ்ட் கட்சி சார்பில் 1920இல் அங்கிருந்தபடியே போட்டியிட்டு 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். அவருடைய கைதி எண் 9653ஐ ஆதரவாளர்கள் பிரசார பேட்ஜில் போட்டுக்கொண்டார்கள். ஒரு தரப்புக்கு அந்த எண் 'தேசத் துரோகி' என்பதற்குச் சான்று, மறு தரப்புக்குப் பதக்கம். கலகம் செய்தவர்களைப் பதவியிலிருந்து விலக்கும் 14ஆவது திருத்தத்தின் 3ஆம் உட்பிரிவை வைத்து டொனால்ட் டிரம்பின் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து நீக்க கொலராடோ முயன்றபோது, தனி மாநிலம் அதைச் செய்ய முடியாது என்று 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, வடிகட்டும் வேலை முழுவதும் வாக்காளர் தலையில்தான்.

அப்படியானால் ஒரே ஆளை இரண்டு பேர் பார்த்துவிட்டு நேரெதிர் முடிவுக்கு எப்படி வருகிறார்கள்? 'குணம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் அடைபட்டிருப்பதுதான் காரணம் என்பது என் கணிப்பு. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் ஒன்று. பொதுப் பணத்தையும் அதிகாரத்தையும் கையாளும் நேர்மை இரண்டாவது. பதவியின் சுமையைத் தாங்கும் மனநிலை, உடல்நிலை, நிதானம் மூன்றாவது. சித்தப்பா இரண்டாவதைப் பற்றிப் பேசுவார், அக்கா முதலாவதுக்குப் பதில் சொல்வார். விடிய விடியப் பேசினாலும் தீராது.

இந்த முடிச்சு அப்பட்டமாகத் தெரிந்த தேர்தல் 1884. ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லண்ட், குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் பிளெய்ன். கிளீவ்லண்ட் பஃபலோ நகர மேயராக இருந்தபோது, தெருக்களைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தம் ஒன்றை நகர மன்றம் வேண்டியவருக்குக் கொடுத்தது. போட்டியாளர் கேட்டதைவிட அது லட்சம் டாலருக்கு மேல் அதிகம். அதை அவர் நிராகரித்தார், அந்தப் பெயரே அவரை நியூயார்க் மாநில ஆளுநர் நாற்காலிக்குக் கொண்டுபோனது. அங்கேயும் சொந்தக் கட்சியின் ஊழல் கோஷ்டியான டாமனி ஹாலோடு மோதினார். பொதுக் காரியத்தில் கை சுத்தம்.

கட்சி அவரை வேட்பாளராக்கிய சில நாட்களிலேயே, ஜூலை 21 அன்று, பஃபலோ நாளிதழ் ஒன்று குண்டைப் போட்டது. மரியா ஹால்பின் என்ற கைம்பெண்ணுக்கு 1874இல் பிறந்த குழந்தைக்கு அவர்தான் தகப்பன் என்றது செய்தி. குழந்தையை அநாதை இல்லத்தில் சேர்த்ததும், தாயை மனநலக் காப்பகத்துக்கு அனுப்பியதும் சேர்ந்து வெளியே வந்தன. கிளீவ்லண்ட் உறவை மறுக்கவில்லை. தன் ஆட்களிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றார். எதிர்க்கட்சியினர் 'அம்மா, அம்மா, எங்கே என் அப்பா?' என்று ஊர்வலத்தில் கோஷம் போட்டார்கள். அக்டோபரில் ஹால்பின் பிரமாண வாக்குமூலமே கொடுத்தார். நடந்தது தன் சம்மதத்தோடு அல்ல என்றார். அன்றைய ஆதரவாளர்கள் அதைத் தேர்தல் நேரத்துச் சேறு என்று தள்ளிவிட்டார்கள். இன்று படிப்பவருக்கு அந்த வாக்குமூலம்தான் கதையின் கனமான பகுதி. உண்மையை ஒப்புக்கொண்டார் என்ற பாராட்டுக்கு அடியில் ஒரு பெண்ணின் புகார் புதைந்துபோனது.

பிளெய்ன் மீதும் கல்யாணத் தேதியை வைத்து ஒரு வதந்தி கிளம்பியது, ஆனால் அவருடைய உண்மையான தலைவலி வேறு. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்த காலத்தில், ரயில்வே பத்திர விற்பனையில் தனக்கு ஆதாயம் தேடிக்கொண்டார் என்ற புகார் 1876இலேயே வெடித்திருந்தது. பாஸ்டனில் கணக்கராக இருந்த முல்லிகனிடம் அது சம்பந்தமான கடிதங்கள் சிக்கியிருந்தன. பிளெய்ன் அவற்றைக் கைப்பற்றி, தனக்கு வசதியான பகுதிகளை மட்டும் சபையில் வாசித்துக் கைதட்டல் வாங்கினார். 1884 செப்டம்பரில் மேலும் கடிதங்கள் வெளியாயின. அதில் ஒன்றில் 'இந்தக் கடிதத்தை எரித்துவிடவும்' என்று எழுதியிருந்தது. மறைக்க ஒன்றும் இல்லாதவர் அப்படி எழுத மாட்டார் என்று சாமானியனுக்கும் புரிந்தது.

'மக்வம்ப்' என்று கேலி செய்யப்பட்ட சீர்திருத்தக் குடியரசுக் கட்சிக்காரர்கள் அப்போது முன்வைத்த வாதம் இது: கிளீவ்லண்ட் பொது வாழ்வில் சுத்தம், சொந்த வாழ்வில் கறை, பிளெய்ன் சொந்த வாழ்வில் சரி, பொது வாழ்வில் கறை, ஆகவே முன்னவரைப் பொதுப் பதவிக்கும் பின்னவரை அவருக்குப் பொருத்தமான வீட்டு வாழ்க்கைக்கும் அனுப்புவோம். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். அது வென்றதா என்றால், மயிரிழையில். நியூயார்க் மாநிலத்தில் பதிவான ஏறக்குறைய 11.7 லட்சம் வாக்குகளில் கிளீவ்லண்ட் ஆயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த மாநிலத்தின் 36 தேர்வாளர் வாக்குகள் (மாநிலத்தில் ஜெயித்தவருக்குப் போய்ச் சேரும், அதிபரைத் தீர்மானிக்கும் வாக்குகள்) மாறியிருந்தால் 219க்கு 182 என்ற முடிவு 218க்கு 183 என்று பிளெய்ன் பக்கம் திரும்பியிருக்கும். அதுவும் குணத்தால் மட்டும் தீர்ந்ததல்ல. பிளெய்ன் முன்னிலையில் பாதிரியார் ஒருவர் கத்தோலிக்கரை இழிவாகப் பேச, பிளெய்ன் உடனே கண்டிக்காமல் இருந்ததும் அங்கே ஐரிஷ் வாக்குகளைக் கரைத்தது.

இப்போது அளவுகோல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சண்டையின் வேர் இதில்தான் இருக்கிறது. ஆளைப் பார்த்து எடை போடுகிறோம் என்றுதான் எல்லாரும் நம்புகிறோம். நடப்பது பெரும்பாலும் வேறு. கட்சியை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்குத் தோதாக எடைக்கல்லை மாற்றுகிறோம். சொந்த வாழ்வில் ஒழுக்கம் தவறிய அரசியல்வாதி பொதுக் கடமையில் நேர்மையாக இருக்க முடியுமா என்று பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் 2011இல் கேட்டது. வேதாகமத்தை இறுகப் பிடிக்கும் வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர் மட்டுமே முடியும் என்றார்கள். 2016இல், டிரம்ப் குடியரசுக் கட்சியின் வேட்பாளரான பிறகு, அதே கேள்விக்கு 72 சதவீதம் பேர் முடியும் என்றார்கள். ஐந்து வருடத்தில் வேதாகமம் மாறவில்லை.

மறுபக்கம் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். 1998 டிசம்பரில், வெள்ளை மாளிகைப் பயிற்சிப் பெண்ணோடு இருந்த உறவு விவகாரத்தில், ஜனநாயகக் கட்சி அதிபர் பில் கிளின்டன் மீது பொய்ச் சாட்சியம், நீதிக்கு இடையூறு என்று பிரதிநிதிகள் சபை குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய கையோடு, கேலப் கணிப்பில் அவருக்கு 73 சதவீத ஆதரவு. அவர் ஆட்சிக்காலத்திலேயே அதுதான் உச்சம். பொருளாதாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் 'சொந்த விஷயம்' என்று வாதாடிய பலரும் 2016இல் 'குணம்தான் எல்லாம்' என்றார்கள். அன்று 'குணம்தான் எல்லாம்' என்றவர்கள் இன்று 'நாம் பாஸ்டரையா தேர்ந்தெடுக்கிறோம்' என்கிறார்கள். உங்கள் சித்தப்பாவும் அக்காவும் அன்று எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு பாருங்கள். 2016இல் வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில், டிரம்பின் சுபாவம் அதிபர் பதவிக்குப் பொருந்தும் என்றவர்கள் 35 சதவீதம்தான். ஹிலாரி கிளின்டனை நேர்மையானவர் என்றவர்கள் 36 சதவீதம், டிரம்பை அப்படிச் சொன்னவர்கள் 33. இருவரையுமே பிடிக்கவில்லை என்ற 18 சதவீதத்தினரில் டிரம்புக்குப் போட்டவர்கள் 47 சதவீதம், ஹிலாரிக்கு 30. அதாவது, 'இவர் லாயக்கில்லை' என்று சொல்லிக்கொண்டே அவருக்கு ஓட்டுப் போடுகிற வாக்காளர் நிஜமாகவே உண்டு, தேர்தலைத் தீர்மானிக்கும் அளவுக்கு உண்டு. அவர்களை முட்டாள் என்று ஒதுக்குவது தப்பு. நீதிபதி நியமனம், வரி, குடியேற்றம், விலைவாசி என்று வேறு தட்டில் கனமான கல் வைத்திருக்கிறார்கள். குணம் என்ற கல் இருக்கிறது, ஆனால் அது மட்டும் தராசைச் சாய்க்கவில்லை.

மூன்றாவது விஷயமான மனநிலை, உடல்நிலையில்தான் புரளி அதிகம், எச்சரிக்கையும் அதிகம் வேண்டும். 1964இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர். 'அவர் சொல்வது சரிதான் என்று உங்கள் நெஞ்சுக்குத் தெரியும்' என்பது அவருடைய கோஷம். எதிராளிகள் அதைத் திருப்பி, 'மறை கழன்றவர் என்று உங்கள் வயிற்றுக்குத் தெரியும்' என்றார்கள். 'ஃபேக்ட்' என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, இவர் மனதளவில் அதிபராகத் தகுதியானவரா என்று கேட்டது. 1,189 மனநல மருத்துவர்கள் தகுதியில்லை என்கிறார்கள் என்று அட்டையிலேயே போட்டது. படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள்.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பதில் போட்டவர்கள் மொத்தம் 2,417 பேர். அவர்களில் 657 பேர் தகுதியானவர் என்றார்கள், 571 பேர் சொல்லப் போதுமான விவரம் இல்லை என்றார்கள். கேட்கப்பட்டவர்களில் பத்தாயிரத்துக்கு அருகில் பதிலே போடவில்லை. அப்படிப் பார்த்தால் தகுதியில்லை என்றவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. எவரும் கோல்ட்வாட்டரை உட்கார வைத்துப் பரிசோதிக்கவும் இல்லை. தேர்தலில் படுதோல்வி அடைந்த கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குப் போட்டார். 1968இல் நடுவர் குழு அவருக்கு நட்ட ஈடாக 1 டாலரும், தண்டனைத் தொகையாக 75,000 டாலரும் கொடுக்கச் சொன்னது. நேரில் பரிசோதிக்காத, சம்மதம் தராத பொது மனிதரின் மனநலம் பற்றி மருத்துவர்கள் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் நெறிமுறையில் சேர்த்தது. 'கோல்ட்வாட்டர் விதி' என்ற பெயர் அதற்கு அப்படி வந்தது. ஆகவே வாட்ஸ்அப்பில் 'பிரபல மனநல மருத்துவர் சொல்கிறார்' என்று வந்தால் முதல் கேள்வி: இவர் அந்த ஆளைப் பரிசோதித்தாரா? பரிசோதித்திருந்தால் வெளியே சொல்ல அனுமதி இருக்காது. பரிசோதிக்காவிட்டால் சொல்வதற்கு மதிப்பு இருக்காது.

'சோதனையில் 30க்கு 30 வாங்கினார்' என்று மறுபக்கம் பெருமை பேசுகிறார்களே, அது 'மோகா' எனப்படும் மான்ட்ரியல் அறிவாற்றல் சோதனை. டிரம்ப் 2018 ஜனவரியில் எழுதியது அதைத்தான். ஒரே பக்கத் தாள், சுமார் 10 நிமிடம். பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரைய வேண்டும், அதற்கு 3 மதிப்பெண். படத்தில் இருக்கும் மூன்று விலங்குகளின் பெயர் சொல்ல வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன ஐந்து சொற்களைச் சில நிமிடம் கழித்து நினைவுகூர்ந்தால் 5 மதிப்பெண். இன்றைய தேதி, கிழமை, இடம் சொன்னால் 6. மொத்தம் 26 அல்லது அதற்கு மேல் வந்தால் இயல்பு. மறதி நோயின் ஆரம்ப அறிகுறி இருக்கிறதா என்று சலித்தெடுப்பதற்கான கருவி இது. அறிவுக்கூர்மைக்கான தேர்வு அல்ல. நெருக்கடியில் நிதானம், தப்பை ஒப்புக்கொள்ளும் மனம், ஆலோசனை கேட்கும் பழக்கம் எதையும் இது அளக்காது. முழு மதிப்பெண் வாங்கியவர் மோசமான அதிபராகவும் இருக்கலாம்.

உடல்நிலை அறிக்கை வெளியிடவும் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. வருவதெல்லாம் வேட்பாளர் விருப்பப்பட்டுத் தருவது, அதன் தரமும் அதற்கேற்ப. 2008இல் ஜான் மெக்கெய்ன் 1,173 பக்க மருத்துவக் குறிப்புகளைச் சில நிருபர்களுக்குக் காட்டினார். மூன்று மணி நேரம் பார்க்கலாம், நகல் எடுக்கக் கூடாது. 2015இல் டிரம்பின் மருத்துவர் கொடுத்த கடிதம், ஜெயித்தால் இதுவரை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலேயே ஆரோக்கியமானவர் இவராகத்தான் இருப்பார் என்றது. அதை டிரம்பே சொல்லச் சொல்ல எழுதியதாக அந்த மருத்துவர் 2018இல் ஒப்புக்கொண்டார். வயது விஷயத்தில் மட்டும் கட்சிச் சுவர் கொஞ்சம் உடைந்தது. 2024 பிப்ரவரியில் ஏபிசி–இப்சாஸ் கணிப்பில் ஜோ பைடனுக்கு வயது அதிகம் என்றவர்கள் 86 சதவீதம், டிரம்புக்கு அதிகம் என்றவர்கள் 62. ஜூன் 27 விவாத மேடையில் பைடன் தடுமாறியதைக் கோடிக்கணக்கானவர்கள் நேரலையில் பார்த்தார்கள், ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்து விலகினார். வெட்டி ஒட்டிய அரை நிமிட வீடியோக்களால் மாதக்கணக்கில் தீராத வாதத்தை, வெட்டாத தொண்ணூறு நிமிடம் தீர்த்து வைத்தது. ஒருவரை எடை போட வேண்டுமானால் முழு விவாதம், முழுப் பேட்டி பாருங்கள்.

இனி, வாக்காளர் கையில் எடுக்கக்கூடிய ஆவணங்கள். தமிழ்நாட்டில் எம்எல்ஏ வேட்பாளரே வழக்கு, சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், அங்கேயும் அப்படி இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். வழக்கு விவரத்துக்கு அப்படி ஒரு படிவம் கிடையாது. சொத்துக்கு உண்டு: அரசு நெறிமுறை அலுவலகத்தின் 'ஓஜிஇ 278இ' படிவம். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேட்பாளரான 30 நாளுக்குள் அல்லது அந்த வருடம் மே 15க்குள், எது பிந்தியதோ அதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். அவகாசம் கேட்டு 90 நாள் வரை தள்ளலாம். 30 நாளுக்கு மேல் தாமதித்தால் அபராதம் 200 டாலர், கோடீஸ்வரருக்கு அது டீக்காசு. இதைப் படிக்கும்போது இரண்டு விஷயம் நினைவில் இருக்க வேண்டும். தொகைகள் துல்லியமாக இருக்காது, '1,001 முதல் 15,000 டாலர்' என்பதுபோல் படிப்படியாகத்தான் இருக்கும். மேல்படியில் '5 கோடி டாலருக்கு மேல்' என்று முடிந்துவிடும். ஆகவே கூட்டிப் பார்த்து 'இவர் சொத்து இவ்வளவு' என்று யார் சொன்னாலும் அது உத்தேசம். இரண்டாவது, கட்டிய வருமான வரி இதில் வராது. ஆனால் யாரிடம் கடன், எந்தக் கம்பெனியில் பதவி, எங்கிருந்து வருமானம் என்பது வரும். அதுதான் முக்கியம். அதிபரானபின் யாருக்கு வளைந்துகொடுக்க வேண்டியிருக்கும் என்பதை ஊகிக்க கடன் பக்கத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

வரித் தாக்கலை வெளியிடுவது வெறும் சம்பிரதாயம். ரிச்சர்ட் நிக்சன் 1970இல் 792 டாலர்தான் வருமான வரி கட்டினார் என்பது வெளியாகி, 1973 டிசம்பரில் அவர் கணக்கைக் காட்ட நேர்ந்ததிலிருந்து அந்தப் பழக்கம் வேர்விட்டது. 2016இல் டிரம்ப் மறுத்தார், தடுக்கச் சட்டம் இல்லை. வரித் தாக்கல் தராதவருக்குப் பிரைமரி (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) வாக்குச்சீட்டில் இடமில்லை என்று கலிஃபோர்னியா போட்ட சட்டத்தை அந்த மாநில உச்ச நீதிமன்றமே 2019இல் ரத்து செய்தது.

வழக்குச் செய்திகளில் சொற்களைக் குழப்பிக்கொள்வதால் வரும் சண்டை பாதி. 'இண்டைட்மென்ட்' என்றால் குற்றச்சாட்டுப் பதிவு மட்டுமே. மத்திய வழக்கில் குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும், 16 முதல் 23 பொதுமக்கள் கொண்ட கிராண்ட் ஜூரியில் 12 பேர் ஒத்துக்கொண்டால் போதும், எதிர்த்தரப்பு வாதமே அங்கே கிடையாது. 'கன்விக்ஷன்' என்றால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமான குற்றம். 2024 மே 30 அன்று நியூயார்க்கில் டிரம்ப் மீதான 34 குற்றச்சாட்டும் இந்த வகை. சிவில் வழக்கில் 'பொறுப்பாளி' என்பது எந்தப் பக்கம் ஆதாரம் கனம் என்று பார்த்துச் சொல்வது. 2023இல் பாலியல் அத்துமீறலுக்கும் அவதூறுக்கும் டிரம்பை 50 லட்சம் டாலர் கட்டச் சொன்னது இந்த வகை. 'செட்டில்மென்ட்' என்றால் தீர்ப்பே இல்லை. 1998இல், பாலியல் தொந்தரவு வழக்குப் போட்ட பவுலா ஜோன்ஸுக்கு பில் கிளின்டன் 8,50,000 டாலர் கொடுத்து முடித்தது அப்படி. நாலையும் 'கேஸ் இருக்கிறது' என்ற ஒரே வாக்கியத்தில் அடைப்பவரோடு வாதாடிப் பயனில்லை.

கடைசியாக, ஜெயித்த பிறகு லாயக்கில்லை என்று தெரிந்தால்? 1967இல் வந்த 25ஆவது திருத்தத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது. துணை அதிபரும், அமைச்சரவையின் 15 துறைத் தலைவர்களில் குறைந்தது 8 பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும். 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று அதிபர் மறுத்தால், அவர்கள் 4 நாளுக்குள் மறுபடி எழுத வேண்டும். பிறகு 21 நாளுக்குள் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கோமாவில் கிடக்கும் அதிபருக்கு இது சரிப்படும். கோபக்காரருக்கோ பொய் பேசுகிறவருக்கோ அல்ல, ஏனென்றால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அவரே தேர்ந்தெடுத்த ஆட்கள். இதுவரை ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை.

மறைக்கத் துணிந்தால் மறைக்கவும் முடியும். 1884இல் நாடே அலசிய அதே கிளீவ்லண்ட், இரண்டாம் முறை அதிபரான 1893இல், ஜூலை 1 அன்று நண்பரின் 'ஒனைடா' உல்லாசப் படகில் வைத்து மேல்தாடையின் ஒரு பகுதியைக் கட்டியோடு வெட்டி எடுத்துக்கொண்டார். பல்வலி என்று சொல்லிவிட்டார்கள். ரப்பரில் தாடைத் துண்டு செய்து பொருத்தியதால் பேச்சில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகஸ்டில் உண்மையை எழுதிய நிருபரைப் பொய்யர் ஆக்கினார்கள். அறுவை சிகிச்சைக் குழுவில் இருந்த மருத்துவரே 1917இல் எழுதியபோதுதான் அந்த நிருபரின் பேர் மீண்டது.

அதனால் அக்காவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒன்று சொல்ல முடியும்: இரண்டாவது பெயரையும் பாருங்கள். இதுவரை ஒன்பது துணை அதிபர்கள் பாதியில் அதிபராகியிருக்கிறார்கள், எட்டு பேர் மரணத்தால், ஒருவர் நிக்சனின் ராஜினாமாவால். 1992 பிரைமரியில் புற்றுநோய் முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லிப் போட்டியிட்டவர் ஜனநாயகக் கட்சியின் பால் சோங்கஸ். இடையில் 1987இல் அது திரும்பி வந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் வென்றிருந்தால் பதவிக்காலம் 1997 ஜனவரி 20 அன்று முடிந்திருக்கும். ஜனவரி 18 அன்று அவர் இறந்துபோனார்.